கடல் இல்லாத ஊரில் கடல்நீர்த் தொட்டி

பாலகாட்டிலிருந்து கடலுக்கு நேர்கோட்டில் அளந்தாலே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஊரோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட தங்கவயல் லைன் வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் ஊற்றிக் கோமாளி மீன் வளர்க்கிறேன் என்றால் சிரிக்காதவர்கள் குறைவு. மலர்க் குழுவினர் அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது இதையே எழுதலாம் என்று துணிந்தேன். பெங்களூரிலும் மும்பையிலும் வெளிநாடுகளிலும் உள்ள நம் குடும்பங்களில் பிள்ளைகள் 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்துவிட்டு “அந்த மீன் வேணும்” என்று அடம்பிடிப்பது இன்னும் நிற்கவில்லை. வாங்கிக் கொடுப்பது எளிது. ஆறு மாதம் கழித்துத் தொட்டி ஏன் நாறுகிறது, மீன் ஏன் செத்தது என்பதற்குத்தான் யாரிடமும் விடை கிடைப்பதில்லை.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தொடங்கியது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1854-இல் எழுதிய ‘தி அக்வேரியம்’ என்ற நூல் அதை ஒரு மோகமாகவே பரப்பியது. நம் பக்கத்தில் 1909-இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. மெரினாவில் இருந்தவர்களுக்கு வாசலிலேயே கடல் இருந்தது. நமக்கு இல்லை. தொட்டியில் உள்ள தண்ணீரே முழுக் கடல். அதில் விழுந்தது எதுவும் தானாக வெளியே போகாது.

இந்தக் கடைசி வாக்கியம் பிடிபட எனக்கு இரண்டு ஆண்டும் மூன்று மீன்களும் செலவாயின.

என்ன சேர்கிறது?

தொட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோலப் படியும் வண்டல் என்ன? மீனின் எச்சம், தின்னாமல் விட்ட தீனி, செத்த பாசித் துணுக்கு, இவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆகியவை கலந்த சேறு அது. வண்டலாகக் கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்குதான். மீன் தின்ற புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கடல்நீர் காரத்தன்மை உடையது, 8.1 முதல் 8.4 வரை இருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சு அதிகம். நல்ல காலமாக, மணலிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. நைட்ரேட் உடனே கொல்லாது. ஆனால் சேர்ந்துகொண்டே போகும், பாசி மண்டும், மீன் சோர்ந்து நோய்க்கு இலக்காகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். என் தொட்டி, அதன் கீழுள்ள வடிகட்டித் தொட்டி இரண்டிலுமாக 200 லிட்டர் தண்ணீர். உலர்தீனி ஒரு கிராமில் பாதி புரதம் என்று வையுங்கள். புரதத்தில் நைட்ரஜன் 16 விழுக்காடு. அப்படியானால் ஒரு கிராம் தீனியில் 80 மில்லிகிராம் நைட்ரஜன்; அது முழுவதும் நைட்ரேட்டானால் சுமார் 350 மில்லிகிராம். 200 லிட்டரில் அது லிட்டருக்கு 1.75 மில்லிகிராம். வாரம் மூன்று கிராம் போட்டால் வாரந்தோறும் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஏறும். மூன்று கிராம் என்பது ஒரு சின்ன தேக்கரண்டி!

“வாராவாரம் பத்து விழுக்காடு தண்ணி மாத்திடுறேனே” என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றினால் அதுவரை சேர்ந்த நைட்ரேட்டிலும் பத்து விழுக்காடுதான் போகும். வாரம் 5 ஏறி, பத்தில் ஒரு பங்கு மட்டும் இறங்கினால் அளவு எங்கே போய் நிற்கும்? 50-இல். அங்கேதான் பத்தில் ஒரு பங்கு சரியாக 5 ஆகும். தீனியைப் பாதியாக்கினால் 25-இல் நிற்கும். மாற்றும் தண்ணீரை இரட்டிப்பாக்கினாலும் அதே 25 தான். ஆனால் அதற்கு வாரம் 40 லிட்டர் சுத்தத் தண்ணீரும் ஒன்றரைக் கிலோ அளவுக்கு உப்பும் வேண்டும். கோலார் மாவட்டத்தில் தண்ணீர் படும் பாடு தெரிந்தவர்களுக்கு எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. இப்போது தீனியை நகைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன். பொன் நிறுத்த ஊரில் மீன் தீனி நிறுக்கிறான் என்ற கேலியையும் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

அப்பா சொன்ன டம்ளர் பாடம்

என் தகப்பனார் மில்லில் வேலை பார்த்தவர். அரைத்த தாதுவில் மணல் வேறு, சேறு வேறாகப் பிரித்துத்தான் சைனைட் கரைசலுக்கு அனுப்புவார்கள். தொட்டியில் ஒரு மூலையில் மட்டும் வண்டல் குவிவதைப் பார்த்து நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மண்ணைப் போட்டுக் கலக்கி வைத்தார்.

“பார்றா, பெருசு முதல்ல உக்காரும். சின்னது அப்புறம் உக்காரும். ரொம்பச் சின்னது உக்காரவே உக்காராது. தண்ணி ஓடுற வேகம் எங்க கொறையுதோ அங்கதான் எல்லாம் எறங்கும். நீ மூலைய ஏன் திட்டுற? தண்ணிய ஓட்டு.”

அவர் சொன்னதை இயற்பியலில் ஸ்டோக்ஸ் விதி என்பார்கள். துகளின் விட்டம் இரு மடங்கானால் அமிழும் வேகம் நான்கு மடங்காகும். ஆகவே கடல்நீர்த் தொட்டியில் நீரோட்டம்தான் முதல் துடைப்பம். மணிக்கு ஒருமுறை தண்ணீர் சுற்றினால் போதாது; தொட்டிக் கொள்ளளவைப்போல் பத்து முதல் இருபது மடங்கு தண்ணீர் மணிக்கு நகரவேண்டும். ஒரே பம்ப் ஒரே திசையில் அடித்தால் எதிர்மூலையில் தேங்கும். இரண்டு சிறிய பம்புகளை எதிரெதிராக, ஒன்றின் ஓட்டம் மற்றதில் மோதும்படி வைத்தேன். கற்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் பின்னால் நான்கு விரல் இடைவெளி விட்டேன். கல்லிடுக்கில் மீதி இருப்பதைப் பெரிய சிரிஞ்சினால் வாரம் ஒருமுறை ஊதி எழுப்பினால் ஓட்டம் அதை வடிகட்டிக்குக் கொண்டுபோகும்.

வடிகட்டி பிடிக்கிறது, வெளியேற்றுவதில்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பஞ்சில் சிக்கிய எச்சம் அங்கேயே, அதே தண்ணீரில் கிடந்து அழுகுகிறது. வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கதவு மூலையில் தள்ளி வைத்தமாதிரி. மேல் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து அலசவேண்டும் அல்லது மாற்றவேண்டும். பாக்டீரியா குடியிருக்கும் பீங்கான் வளையங்களை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. மாற்றி எடுத்த உப்புத் தண்ணீரில் லேசாக அலசினால் போதும்.

இங்கே பவர் கட்டையும் சொல்லவேண்டும். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் நம் ஊர்! இன்றைக்கு மழைக்காலத்தில் நான்கு மணி நேரம் போனால் கேட்பதற்கு ஆள் இல்லை. மூடிய டப்பா வடிகட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்ஸிஜனைத் தின்று முடித்துவிடும். சில மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் கொட்டும். பம்பை நிறுத்தி, டப்பாவைத் திறந்து, கொட்டிக் கழுவிவிட்டுத்தான் மறுபடி போடவேண்டும். மீனுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கட்டாயம்.

நுரை என்னும் வித்தை

கடல்நீர்த் தொட்டிக்கென்றே அமைந்த கருவி புரோட்டீன் ஸ்கிம்மர். உயரமான ஒரு குழாயில் மிகச் சிறிய காற்றுக் குமிழிகளைத் தண்ணீரோடு கலந்து ஏற்றுகிறது. புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை விலகும். விலகும் முனை குமிழியின் மேல்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலேறி நுரையாகி ஒரு கிண்ணத்தில் வழியும். கிண்ணத்தைத் திறந்தால் தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் ஒரு திரவம். வாடை சொல்லி முடியாது. வீட்டில் சர்க்கரைப் பாகில் கொஞ்சம் பால் விட்டு அழுக்கை மேலே திரட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அப்படிச் சேராமல் சின்னதாகவே நிற்கும். நன்னீர்த் தொட்டியில் இந்தக் கருவி எடுபடாததற்கு அதுவே காரணம். 2019 டிசம்பரில் மெரினாக் கரையில் வெண்ணுரை பொங்கிக் கிடந்ததும், பிள்ளைகள் அதில் விளையாடியதும் செய்தியாக வந்தன. கழிவுநீர் கலந்ததன் விளைவு அது. கடலே தன்னை ஸ்கிம் செய்துகொண்ட காட்சி என்றுதான் எனக்குப் பட்டது.

சுரங்க ஊர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில் தாதுத்தூளை நுரையில் ஒட்டவைத்து மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறை வளர்ந்தது. ஸ்கிம்மரின் தத்துவமும் அதுவே. அங்கே நுரையில் வருவது செல்வம், இங்கே வருவது மலம்.

வடிகட்டி செய்யாததை ஸ்கிம்மர் செய்கிறது. அழுகுவதற்கு முன்பே பொருளைத் தண்ணீரிலிருந்து பிரித்து வெளியே வைத்துவிடுகிறது. கிண்ணத்தை நாள்தோறும் கழுவினால்தான் அது வேலை செய்யும். கழுத்தில் பிசுக்குப் படிந்தால் நுரை ஏறாது.

மணலைக் கிளறிய கதை

மணல் தடிமன் அதிகமானால் நல்லது என்று எங்கோ படித்து, முதல் தொட்டியில் நான்கு அங்குலம் போட்டேன். ஓராண்டு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அடிவரை கையால் கிளறினேன். கண்ணாடி ஓரத்தில் கறுப்பாகத் தெரிந்த அடுக்கு மேகமாக எழும்பியது. அழுகிய முட்டை நாற்றம். மறுநாள் காலையில் கோமாளி மீன் இரண்டும் நீல டாம்செல் ஒன்றும் பக்கவாட்டில் கிடந்தன. என் மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நடந்தது இதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. ஆக்ஸிஜன் எட்டாத ஆழத்தில், வண்டல் தின்னும் ஒருவகைப் பாக்டீரியா அந்த சல்பேட்டைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகிறது. அது கொடிய நஞ்சு. கிளறாத வரை அடியிலேயே கிடக்கும். நன்னீரில் சல்பேட் மிகக் குறைவாதலால் அங்கே இந்த ஆபத்தும் குறைவு. ஆக, ஒன்று, மணல் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் போட்டு, வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது மூன்றில் ஒரு பகுதியை மட்டும் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். அல்லது ஆழமாகப் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் எனக்கு வந்தது வரும். கல் வைப்பவர்களும் ஒன்றைக் கேளுங்கள். மேட்டுப் பக்கம் கிடக்கும் பளபளப்பான சுரங்கக் கல் அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மின்னுவது பெரும்பாலும் உலோகக் கந்தகச் சேர்மம், தண்ணீரில் ஆகாது.

சட்டம் தடுக்கும் துப்புரவாளர்

கடலடியில் இந்த வேலையை எல்லாம் செய்வது கடல் அட்டை. மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்த மணலை வெளிவிடும். வெளிநாட்டில் தொட்டி வைத்திருக்கும் நம் உறவினர்கள் “ஒரு கடல் அட்டை போடு, எல்லாம் சரியாயிடும்” என்று யோசனை சொல்வார்கள். இந்தியாவில் அது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடல் அட்டைகள், கடல் குதிரைகள், பவளங்கள் ஆகியவை சேர்க்கப்பட்டன. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் கடல் அட்டைப் பண்ணைகளே நடக்கின்றன. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் வைத்திருந்தால் வழக்கு. உயிர்க்கல் என்று கடைகளில் காதோடு காதாகப் பேசி விற்கும் பவளப்பாறைத் துண்டும் இதே தடைக்குள் வரும். 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல்லும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தியதை எழுதினார். உலகம் முழுதும் அதைப் பின்பற்றிப் பாறைகளைப் பெயர்த்தார்கள். நமக்குத் துளையுள்ள பீங்கான் கட்டிகள் போதும். இரண்டு மூன்று மாதத்தில் பாக்டீரியா குடியேறிவிடும்.

மீன் விஷயத்திலும் கேட்டு வாங்கவேண்டும். பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்து பவளப்பாறை இடுக்குகளில் சோடியம் சைனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீனைப் பிடிக்கும் வழக்கம் இருந்துவருகிறது. பொன்னைக் கரைக்கும் அதே சைனைடு! அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாக நீந்தும். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் சாகும். நாம் தண்ணீரைக் குறை சொல்வோம். இதற்கு மாற்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கடையில் “பண்ணையில பொரிச்சதா?” என்று கேளுங்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு தொட்டித் தீனிக்குப் பழகியது. தின்னாமல் விட்டு அழுகவைப்பதும் குறைவு.

நத்தையும் சங்கு நண்டும் வைக்கலாம். அவை பாசியையும் மிச்சத்தையும் தின்னும். தின்றதை எச்சமாகத் திரும்பவும் அங்கேயே போடும் என்பதையும் மறக்கவேண்டாம். உண்மையில் கழிவைக் குறைக்கிற உயிர் பச்சைப்பாசிதான். கீழ்த் தொட்டியில் விளக்குப் போட்டு, நூல்கற்றை போன்ற கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி பிய்த்து எடுத்தால் அதற்குள் இருக்கும் நைட்ரஜன் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

எடுத்ததை எங்கே கொட்டுவது?

இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டம்மா கேட்டார்கள்.

“இன்னாண்ணே, வாராவாரம் எதை ஊத்திக்கினு இருக்கீங்க? எட்டு வருசத்துக் கருவேப்பிலை, குச்சியா நிக்குது பாருங்க.”

வாரம் 20 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வாரம் 700 கிராம்; ஓராண்டில் 36 கிலோ. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தத் தரையில் ஓர் உப்பு மூட்டையையே புதைத்திருந்தேன். ஓடும் தண்ணீராவது அடித்துப் போயிருக்கும். நம் ஊர் மழையில் அது அங்கேயே இறங்கித் தங்கியது. என் மீனைக் காப்பாற்ற அந்த அம்மாவின் செடியைக் கொன்றேன். வேறு கன்று வாங்கிக் கொடுத்தேன். அதையும் அந்த மண்ணில் வைக்க முடியாமல் தொட்டியில்தான் வைத்தார்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட முடியாது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதுவரை நூற்றிருபது ஆண்டு அரைத்த மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் 13 சைனைட் மேடுகளாக நிற்கிறது. காற்றடித்தால் கொடியில் காயும் துணியில் வந்து உட்காரும். பொன் வெளியே போயிற்று, மண் நம்மிடம் தங்கிற்று. 2024 ஜூனில் அந்த மேடுகளைத் திரும்ப அரைத்துப் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அதற்குப் பிறகும் மண் எங்கேயோ இருந்துதானே ஆகவேண்டும்? தொட்டியைச் சுத்தமாக வைக்கும் முறைகளைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் புத்தகங்கள் வாளித் தண்ணீரைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

ஏரி, குளம், கால்வாயில் கொட்டவே கூடாது. உப்பு மட்டும் காரணம் அல்ல. 1984-இல் மொனாக்கோ காட்சியகத்தின் அருகே மத்தியதரைக் கடலில் தென்பட்ட காலர்பா பாசி பின்னர் பல நாட்டுக் கரைகளை மூடியது. அமெரிக்காவில் ஃபுளோரிடாப் பக்கம் 1980-களில் தென்பட்ட சிங்கமீன் இன்று கரீபியன் முழுதும் பரவிவிட்டது. கடலோர ஊர்களில் இருக்கும் நம்மவர்கள், தொட்டி கட்டுப்படியாகவில்லை என்று மீனைக் கொண்டுபோய்க் கடலில் ‘விடுதலை’ செய்யும் புண்ணியத்தைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள நகரத்தில், நிறையத் தண்ணீரோடு கலந்து சாக்கடையில் விடலாம். இணைப்பு இல்லாத லைன் வீட்டில் நான் செய்வது வேறு. மாடியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் செங்கல் வரப்பு கட்டிக் கறுப்புத் தார்ப்பாய் விரித்திருக்கிறேன். 20 லிட்டர் அதில் இரண்டு சென்டிமீட்டர் உயரம் நிற்கும். மார்ச் முதல் மே வரை நாளைக்கு ஐந்து ஆறு மில்லிமீட்டர் ஆவியாகிறது. நான்கு நாளில் காய்ந்துவிடும். பழுப்பேறிய உப்பைச் சுரண்டிச் சாக்கில் கட்டி, நகராட்சிக் குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறேன். மழைக்காலத்தில் இது நடக்காது. ஆகவே ஜூன் முதல் நவம்பர் வரை தீனியை இன்னும் குறைத்து, தண்ணீர் மாற்றுவதை மாதம் இரண்டாக்கி, அந்த நாற்பது லிட்டரை மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் சேர்த்து வெயிலுக்காகக் காத்திருக்கிறேன். இருநூறு லிட்டர் டிரம் ஒன்று ஐந்து மாதம் தாங்கும். கடைசி மாதம் மழை நின்றால் சரி, நிற்காவிட்டால் இரண்டாவது டிரம் வாங்கவேண்டும். பக்கத்து வீட்டம்மா அதற்கும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மூடி கெட்டியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.